சராயும் சந்திப்பும்: தில்லி வட்டாரப் போக்குவரத்து இணைப்புகளின் வரலாறு

தில்லி மாநகரின் இடப்பெயர்களுள் ‘சராய்’ என்னும் சொல்லைத் தாங்கியவை பலவாகும். யூசுப் சராய், லாடோ சராய், காலு சராய், ஜியா சராய், பேர் சராய், கட்வாரியா சராய், நேப் சராய், சராய் ரோகில்லா, சராய் காலே கான் எனப் பட்டியல் நீளும். சராய் என்பது பாரசீகச் சொல். வழிப்போக்கர் இரவில் தங்குவதற்கென எழுப்பப்பட்ட மதில் சூழ்ந்த விடுதியைக் குறிப்பது. தமிழகத்தில் ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்ப்பெயர்களில் ‘சத்திரம்’ நிற்பதைப் போலவே தில்லியில் ‘சராய்’ நிற்கிறது. பெரும்பாலான இடங்களில் கட்டடம் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் பழைய வழித்தடங்களின் சுவடாக எஞ்சியுள்ளது. ஷாஜகான் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நகரின் வாயில்களையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். காஷ்மீரி வாயில், லாகூரி வாயில், அஜ்மேரி வாயில் ஆகிய பெயர்கள் அவ்வாயில் வழியே புறப்பட்டால் சென்றடையக்கூடிய தொலைவிடத்தைச் சுட்டுகின்றன.

இவ்விரு பெயர்வகைகளும் தில்லியின் போக்குவரத்து வரலாற்றுக்குத் திறவுகோலாக அமைகின்றன. இந்நகரம் நெடுந்தொலைவிலிருந்து வருவோரையும் நெடுந்தொலைவு செல்வோரையும் கருத்திற்கொண்டே தன் வழிகளை அமைத்துக்கொண்டது. சுற்றுவட்டாரத்திலிருந்து நாள்தோறும் வேலைக்கு வந்து திரும்புவோரின் பயணம் ஒவ்வொரு காலகட்டத்திலும் பின்னரே எண்ணப்பட்டது. ரயில், பேருந்து, நெடுஞ்சாலை, விமான நிலையம் என்னும் நான்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனங்களால், வெவ்வேறு இடங்களில் உருவாயின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடைவெளி பயணியின் பொறுப்பாகவே விடப்பட்டது. அவ்வெளியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நெடுவழியும் இருப்புப்பாதையும்

வங்கத்தையும் பஞ்சாபையும் இணைத்த பெருவழியை 16ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூர் செப்பனிட்டுச் சராய்களை அமைத்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. முகலாயர் காலத்தில் வழியின் தொலைவைக் காட்டக் ‘கோஸ் மினார்’ என்னும் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் தில்லி உயிரியல் பூங்காவின் வளாகத்துக்குள் நிற்கிறது. மதுரையில் இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த பணியோடு இதனை ஒப்பிட்டுக் காண்பது பொருத்தமாகும். வழியும் தங்குமிடமும் ஒரே அறத்தின் இரு பகுதிகளாகக் கருதப்பட்ட காலம் அது. இந்த ஒருமை இருப்புப்பாதையின் வருகையோடு குலைந்தது எனலாம்.

கிழக்கிந்திய ரயில்வேயின் பாதை யமுனையைப் பாலத்தால் கடந்து 1867இல் தில்லியை அடைந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின், பாதையைத் தில்லிக்குக் கொண்டுவராமல் மீரட் வழியே செலுத்தலாம் என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் இருந்தது. தில்லி வணிகர்கள் அதற்கு எதிராக முறையிட்டனர். முடிவில் பாதை வந்தது. ஆனால் அது நகரின் ஓரத்தில் நிற்கவில்லை. சலீம்கட் கோட்டையின் ஊடாகப் புகுந்து மதில் சூழ்ந்த நகரையே பிளந்து சென்றது. படையை விரைந்து செலுத்தும் தேவையே அன்று முதன்மையாக இருந்தது என்பதைப் பாதையின் போக்கே காட்டுகிறது.

1873இல் தில்லியிலிருந்து ரேவாரிக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்டது. அகலப் பாதையில் வந்த சரக்கை மீட்டர் பாதை வண்டிக்கு மாற்ற இறக்கி ஏற்றும் உழைப்பு தேவைப்பட்டது. இணைப்பு என்று ஏட்டில் எழுதப்பட்டது நடைமுறையில் சுமைகூலியின் முதுகாக இருந்தது. இராஜபுதனப் பாதையில் அமைந்த நிலையம் பழைய விடுதியின் பெயரையே ஏற்றுச் ‘சராய் ரோகில்லா’ ஆயிற்று. சராயின் பெயரைப் பெற்ற நிலையத்தில் சராயின் பணி இல்லை.

1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டிருந்த ஆக்ரா–தில்லிப் பாதை புதுநகருக்கெனத் தெரிவு செய்யப்பட்ட நிலத்தின் குறுக்கே கிடந்தது. 1920களில் அது கிழக்கே யமுனைப் பக்கமாக நகர்த்தப்பட்டது. அரசுப் பெருவீதியின் காட்சி இடையறாதிருக்க இருப்புப்பாதை வழிவிட்டது. புதுதில்லி நிலையம் அஜ்மேரி வாயிலுக்கும் பகர்கஞ்சுக்கும் இடையே எழுந்தது. 1931 பிப்ரவரியில் புதுத் தலைநகர் தொடங்கி வைக்கப்பட்டது.

தமிழருக்கு இக்காலப் பகுதி தனி முக்கியத்துவம் உடையது. காசிப்பேட்டை–பல்லார்ஷா இணைப்பு 1929இல் முடிவுற்றதால் சென்னையிலிருந்து நாக்பூர், இடார்சி, ஆக்ரா வழியாகத் தில்லிக்கு நேர்வழி கிட்டியது. அதே ஆண்டில் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே தொடங்கிய கிராண்ட் டிரங்க் விரைவுவண்டி பின்னர்த் தில்லி–சென்னை வண்டியாகச் சுருங்கியது. அதன் பெயரில் ஷேர் ஷாவின் பெருவழி ஒட்டிக்கொண்டிருப்பினும், அவ்வண்டி சென்ற திசை வேறு. அரசுச் செயலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் தமிழர் சேர்ந்த காலத்தில் தில்லிக்கும் தெற்குக்கும் இடையே அவர்களைச் சுமந்தது இவ்வண்டியே. கரோல் பாக் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடியிருப்புகள் வளர்ந்தன. 1923இல் மதராசி கல்விக் கழகம் என்னும் பெயரில் தோன்றிய அமைப்பு இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகப் பள்ளிகளை நடத்திவருகிறது. 1976இல் தமிழ்நாடு விரைவுவண்டி தொடங்கியபோது சென்னை மேலும் அண்மையாயிற்று. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு இத்தகைய நேர்வழி கிட்டிய காலத்திலும், யமுனைக்குக் கிழக்கே குடியிருந்தோர் நகருக்குள் வர இரண்டொரு பாலங்களையே நம்பியிருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

இரு வளையங்கள்

நகருக்குள் 1908இல் தொடங்கிய டிராம் வண்டி 1963இல் நிறுத்தப்பட்டது. விடுதலைக்கு முன் குவாலியர் நிறுவனமொன்று நடத்திய பேருந்துகளை 1948இல் நடுவண் அரசு ஏற்றது. பின்னர் அப்பணி 1958இல் மாநகராட்சியிடமும், 1971இல் மீண்டும் நடுவண் அரசிடமும், 1996இல் தில்லி அரசிடமும் சென்றது. அரை நூற்றாண்டுக்குள் இத்தனை கைமாற்றம் கண்ட ஒரு நிறுவனம் நீண்டகாலத் திட்டம் வகுத்திருக்கும் என எதிர்பார்ப்பது அரிது.

நெருக்கடி நிலைக் காலமான 1975–77 ஆண்டுகளில் தில்லியின் நிலவியல் மாறியது. நகரின் நடுப்பகுதியில் குடிசைகளில் வாழ்ந்த பல லட்சம் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டு, திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி, ஜஹாங்கீர்புரி முதலிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். நடந்து வேலைக்குச் சென்றோர் பேருந்துப் பயணிகளாயினர். வீட்டுமனை வழங்கிய அரசாணையில் பயணச் செலவுக்கு இடமில்லை. அன்றைய கூலியில் ஒரு பகுதியைப் பேருந்துக் கட்டணமே விழுங்கியதால் சிலர் மனையை விற்றுவிட்டு நகருக்குள்ளேயே வேறொரு குடிசைக்குத் திரும்பியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தில்லியின் போக்குவரத்துத் தேவை குறித்துப் பேசுவோர் மக்கள்தொகைப் பெருக்கத்தை மட்டுமே காரணமாகக் கூறுவது வழக்கம். தேவையின் ஒரு பகுதி அரசின் செயலாலேயே உண்டாக்கப்பட்டது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

இதே ஆண்டுகளில் இரு வளையங்கள் உருவாயின. ஒன்று, சரக்கு வண்டிகள் நடு நிலையங்களைத் தவிர்த்துச் செல்வதற்கென 1975இல் அமைந்த ஏறத்தாழ 35 கி.மீ. நீளமுள்ள சுற்று இருப்புப்பாதை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி அதில் மின்சாரப் பயணிவண்டிகள் விடப்பட்டன. மற்றொன்று, சுற்றுச்சாலையில் ஓடிய ‘முத்ரிகா’ பேருந்து. முத்ரிகா என்றால் மோதிரம். தமிழில் வழங்கும் முத்திரை மோதிரத்தின் உறவுச்சொல். ஒரே வடிவத்தைக் கொண்ட இவ்விரண்டின் வாழ்வும் வேறுவேறாக அமைந்தது. முத்ரிகா நிரம்பி வழிந்தது. சுற்று ரயில் வெற்றிருக்கைகளோடு ஓடியது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் வேகமோ கட்டணமோ அன்று. சுற்று ரயிலின் நிலையங்கள் சரக்குப் பாதையின் தேவைக்கேற்ப அமைந்தவை. குடியிருப்பிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் விலகி, இருண்ட சந்துகளின் முடிவில் நின்றவை. நிலையத்தை அடைய ஒரு பேருந்தும், இறங்கியபின் மற்றொரு பேருந்தும் தேவைப்பட்டன. முத்ரிகாவோ மக்கள் நின்ற இடத்திலேயே நின்றது. அதிலிருந்து இறங்கியோர் சாலையைக் கடந்து அடுத்த பேருந்தைப் பிடித்தனர். பாதை இருப்பது வேறு, பாதையை அடைய முடிவது வேறு என்பதைத் தில்லி இவ்விரு வளையங்களின் வழியாகக் கற்றிருக்கலாம். பின்வந்த திட்டங்கள் அதனைக் கற்றதாகத் தெரியவில்லை.

பேருந்துப் பற்றாக்குறையை ஈடுசெய்ய 1992இல் தனியார் வண்டிகள் அனுமதிக்கப்பட்டன. ‘ரெட்லைன்’ என்றும் பின்னர் ‘புளூலைன்’ என்றும் வழங்கிய இவ்வண்டிகளின் வருவாய் அன்றன்று ஏறும் பயணியரைச் சார்ந்திருந்தது. ஒரே வழித்தடத்தில் இரு வண்டிகள் பயணியருக்காகப் போட்டியிட்டு ஓடியதில் உயிர்கள் பலியாயின. 2010ஆம் ஆண்டையொட்டி அவை படிப்படியாக நீக்கப்பட்டன. இதற்கிடையே 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தில்லிப் பேருந்துகள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும் என ஆணையிட்டு 2001 மார்ச் 31ஐக் கெடுவாக வைத்தது. கெடு நெருங்கியபோது எரிவாயு நிரப்பும் நிலையங்கள் போதவில்லை. மாற்றப்பட்ட வண்டிகளும் போதவில்லை. எரிவாயுவுக்காக வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துநிற்க, அவ்வண்டிகளுக்காக மக்கள் காத்துநின்றனர். மாற்றம் 2002 இறுதியில் நிறைவடைந்தது. நகரின் காற்றுக்கு அதனால் விளைந்த நன்மை மறுக்கத்தக்கதன்று. எனினும் அம்மாற்றத்தின் விலையைக் காத்திருப்பாகச் செலுத்தியோர் மகிழுந்து இல்லாதோரே.

எல்லைக்கோடு

காஷ்மீரி வாயிலில் மாநிலங்களுக்கு இடையிலான பேருந்து நிலையம் 1976இல் திறக்கப்பட்டது. வாயிலின் பெயருக்கேற்பவே வடக்கு நோக்கிய வண்டிகள் அங்கிருந்து புறப்பட்டன. 1990களில் ஆனந்த் விகாரிலும் சராய் காலே கானிலும் மேலும் இரு நிலையங்கள் அமைந்தன. நெடுந்தொலைவுப் பயணத்தைத் திசைவாரியாகப் பிரிக்கும் இம்முறை பழைய வாயில்களின் முறையே.

வட்டாரப் பயணியின் நிலை வேறு. தில்லியின் எல்லையைக் கடந்தால் ஒருபுறம் அரியானா, மறுபுறம் உத்தரப் பிரதேசம். 1985இல் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்டக்குழுச் சட்டம் நிறைவேறி, இப்பரப்பு முழுவதும் ஒரே வட்டாரமாகத் திட்டமிடப்பட வேண்டும் என வகுத்தது. ஆனால் பேருந்து உரிமம் மாநிலத்துக்குரியது. இரு மாநிலங்களின் உடன்பாடின்றி ஒரு மாநில வண்டி மற்றொன்றில் ஓட இயலாது. ஆட்டோ ரிக்‌ஷாவும் பெரும்பாலும் எல்லையில் நின்றுவிடும். பயணி இறங்கி, சாலையைக் கடந்து, மறுபக்கத்தில் வேறொரு வண்டி ஏறுவார். பல்வல், பானிபத், ரேவாரி, மீரட் ஆகிய ஊர்களிலிருந்து பருவச்சீட்டில் வந்துபோகும் தொழிலாளிக்கும் பால்காரருக்கும் எழுத்தருக்கும் சாதாரணப் பயணிவண்டியே வட்டாரத்தின் உண்மையான இணைப்பாக இருந்துவந்தது. எந்தத் திட்ட வரைவிலும் இவ்வண்டிகள் முதலிடம் பெறவில்லை.

2020 மார்ச் 24 அன்று நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இந்த எல்லைக்கோடு கண்முன் தெரிந்தது. ரயில்கள் அதற்கு முன்பே நின்றிருந்தன. மார்ச் 28 அன்று பல்லாயிரம் புலம்பெயர் தொழிலாளர் ஆனந்த் விகாரில் திரண்டனர். அங்கே பேருந்து நிலையம் உண்டு. 2009இல் திறக்கப்பட்ட ரயில் முனையம் உண்டு. 2010இல் வந்த மெட்ரோ நிலையமும் உண்டு. சாலையின் மறுபக்கமுள்ள கௌசாம்பியோ உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வட்டாரத்திலேயே மிகச் சிறந்த சந்திப்பாக அமைந்த அவ்விடத்தில், ஓட அனுமதி பெற்ற சில பேருந்துகளுக்காக மக்கள் காத்துநின்றனர். எஞ்சியோர் நெடுஞ்சாலையில் நடந்தனர்.

மெட்ரோவும் விமான நிலையமும்

2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே முதல் மெட்ரோ வண்டி ஓடியது. இ. ஸ்ரீதரனின் தலைமையில் 1997 முதல் 2011 வரை இயங்கிய தில்லி மெட்ரோ ரயில் நிறுவனம் காலத்தாழ்வின்றிப் பணியை முடித்ததற்காகப் பெற்ற புகழ் தகுதியானதே. மெட்ரோ எல்லைக்கோட்டையும் கடந்தது. 2009இல் நொய்டாவுக்கும், 2010இல் குர்காவுனுக்கும், 2011இல் காசியாபாத்தின் வைசாலிக்கும், 2015இல் பரிதாபாத்துக்கும் அது சென்றது. பேருந்தால் இயலாதது ரயிலால் இயன்றது.

விமான நிலையத்தின் கதை சுருக்கமானது. சப்தர்ஜங்கிலிருந்த பழைய வில்லிங்டன் தளத்திலிருந்து 1962இல் பயணி விமானங்கள் பாலத்துக்கு மாறின. 1986இல் அது இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. 2010இல் மூன்றாம் முனையம் திறக்கப்பட்டது. புதுதில்லி நிலையத்தோடு அதனை இணைக்கும் விரைவு மெட்ரோ 2011 பிப்ரவரியில் வந்தது. தனியார் கூட்டுமுறையில் நடந்த அது கட்டுமானக் குறைகளால் 2012 ஜூலையில் நிறுத்தப்பட்டு 2013 ஜனவரியில் மீண்டது. அவ்வாண்டு ஜூலை முதல் மெட்ரோ நிறுவனமே அதனை ஏற்று நடத்துகிறது. முதல் முனையமோ 2018இல் வேறொரு மெட்ரோத் தடத்தில் இணைந்தது. ஒரே விமான நிலையத்தின் இரு முனையங்கள் இரு தடங்களில் இருப்பதால், ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவோர் சாலை வழியையே நாடுவர். தௌலா குவானில் விமான நிலையத் தடத்தையும் பிங்க் தடத்தையும் இணைக்க 2019இல் கட்டப்பட்ட நடைமேம்பாலம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. நகரும் தளம் உண்டென்பது ஆறுதல். சென்னையிலும் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அதனருகே ரயில் நிலையம் இருக்கவில்லை. இக்குறை தில்லிக்கு மட்டும் உரியதன்று.

பிங்க் தடத்தின் வரலாற்றில் திரிலோக்புரி மீண்டும் வருகிறது. அத்தடத்தின் இரு பகுதிகள் 2018இல் திறக்கப்பட்டபோதும், திரிலோக்புரியில் ஒரு குறுகிய இடைவெளி இணையாமல் நின்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஓரிடத்திலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட பகுதியில், பாதைக்காக மீண்டும் சில குடும்பங்கள் பெயரவேண்டியிருந்தது. அவர்களுக்கு மாற்றிடம் வழங்கும் சிக்கல் தீர்ந்து, 2021 ஆகஸ்டில்தான் தடம் இணைந்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர்ப் பெற்ற படிப்பினையால் அம்மக்கள் வாக்குறுதியை மட்டும் நம்பி இடம்விட்டிருக்க மாட்டார்கள்.

கட்டணமும் கருதத்தக்கது. 2017ஆம் ஆண்டில் இருமுறை உயர்த்தப்பட்டதில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் 64 ரூபாயாயிற்று. உச்சக் கட்டணம் செலுத்துவோர் நகரின் விளிம்பில் வாழ்வோர். 2019 அக்டோபர் முதல் தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பட்டது இச்சுமையைக் குறைத்த நடவடிக்கைகளுள் குறிப்பிடத்தக்கது.

சராய் காலே கான்

மேற்கூறிய வழிகள் அனைத்தும் இன்று சராய் காலே கானில் கூடுகின்றன. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் விரைவுவண்டியும் மதுரையிலிருந்து வரும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி வண்டியும் இங்குள்ள ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் முடிகின்றன. அதனருகே மாநிலங்களுக்கு இடையிலான பேருந்து நிலையம். 2018 இறுதியில் திறந்த மெட்ரோ நிலையம். மீரட் விரைவுச்சாலையின் தொடக்கம். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கெனக் கட்டிய பாராபுல்லா மேம்பாலச் சாலை. மீரட்டை நோக்கி 82 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்டு, 2023 அக்டோபரில் முதற்பகுதி திறக்கப்பட்ட வட்டார விரைவு ரயில் தடத்தின் தில்லி முனையும் இவ்விடமே. பாராபுல்லா என்பது ஜஹாங்கீர் காலத்தில் ஆக்ராவுக்குச் செல்லும் வழியில் பதினொரு வளைவுகளோடு கட்டப்பட்ட பாலம். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வழி அவ்வழியே செல்கிறது.

அப்பாலத்துக்கு அண்மையில், ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் ‘மதராசி கேம்ப்’ என்னும் தமிழ்க் குடியிருப்பு இருந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தோர் பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் பலர் சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்தனர். பிள்ளைகள் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குச் சென்றனர். வேலையும் பள்ளியும் நடைதூரத்திலோ ஒரு பேருந்துப் பயணத்திலோ இருந்தன. வடிகாலின் நீரோட்டத்துக்குத் தடையாக உள்ளதென 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டதைத் தொடர்ந்து, ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. 370 குடிசைகளுள் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையனவாக ஏற்கப்பட்டன. வீடுகள் வழங்கப்பட்ட இடம் நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள நரேலா. ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு.

வெள்ளப்பெருக்கைத் தடுக்க வடிகாலைச் செப்பனிடுதல் தேவையே. நான்கு சுவருள்ள வீடு குடிசையினும் மேலானது என்பதிலும் ஐயமில்லை. எனினும் காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் துலக்கத் தொடங்கவேண்டிய ஒரு பெண் நரேலாவிலிருந்து எப்போது புறப்படுவார் என்னும் கணக்கு வீட்டு ஒதுக்கீட்டு ஆவணத்தில் இடம்பெறுவதில்லை. பேருந்து அவருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கலாம், செலவாவது நேரம். நாடெங்குமிருந்து வருவோரை ஏற்கும் வட்டாரத்தின் மிகப்பெரிய சந்திப்புகளுள் ஒன்று உருப்பெற்றுக்கொண்டிருந்தபோதே, அதன் அருகில் நடந்து வாழ்ந்தோர் அதிலிருந்து மிகத் தொலைவுக்கு அனுப்பப்பட்டனர். 1976இல் திரிலோக்புரிக்குச் சென்றோரின் பயணமும் இவ்வகையினதே.

நரேலாவுக்கு மெட்ரோ இல்லை. தில்லியின் முதல் மெட்ரோத் தடத்தையே ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாக அரியானாவின் குண்ட்லி வரை 26 கி.மீ.க்குச் சற்று மேலாக நீட்டும் திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒப்புதல் அளித்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளில் அது முடிக்கப்பட வேண்டும். மதராசி கேம்ப் மக்களுக்கு இடம்விட அளிக்கப்பட்ட காலம் நான்கு வாரங்களுக்கும் குறைவு.